தோற்ற கோச் மைக் முன்னால் என்ன சொல்லவேண்டும்?

இழையைத் தொடங்கிய கேள்வி, 24 மார்ச் 2025

"அமெரிக்கக் காலேஜ் பாஸ்கெட்பாலை இந்த வருடம்தான் ஒழுங்காகப் பார்க்கிறேன். தோற்ற கோச் யாராக இருந்தாலும் பிரஸ் மீட்டில் உட்கார்ந்து 'தப்பு என்னுடையது, பசங்க நல்லாத்தான் ஆடினாங்க' என்கிறார். சம்பளத்தில் ஒரு டாலராவது குறைகிறதா? சும்மா நாடகம். சனிக்கிழமை பிட்டினோ, ஞாயிற்றுக்கிழமை ஹர்லி, இந்த இரண்டு பேர்தான் நிஜமாக இருந்தார்கள். மறுப்பவர்கள் வரலாம்."

24 மார்ச், இரவு

வந்துவிட்டேன். இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

பிட்டினோவின் செயின்ட் ஜான்ஸ் ஆர்கன்சாவிடம் 75-66 தோற்றது. மூன்று புள்ளி வீச்சில் 22-க்கு 2, அதாவது 22 தடவை வீசி 2தான் விழுந்தது. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு உலகத்தில் எந்த அணியும் ஜெயிக்காது, அதற்கு விளக்கமே வேண்டாம். ஆனால் கேள்வி வேறு: அவர்கள் ஆடும் பிக் ஈஸ்ட் லீக்கின் இந்த ஆண்டுச் சிறந்த வீரர் ஆர்.ஜே. லூயிஸைக் கடைசி 5 நிமிடம் ஏன் பெஞ்சில் உட்காரவைத்தீர்கள்? அதற்கு பிட்டினோ சொன்ன பதிலின் சாரம்: உங்களுக்கே தெரியும், அவன் 17-க்கு 3 போட்டான், அப்புறம் என்னை ஏன் கேட்கிறீர்கள். இது நிஜம் பேசுவது இல்லை. பதில் சொல்லாமல் நழுவிக்கொண்டே பையனின் கணக்கை மட்டும் மேஜையில் வைத்துவிட்டுப் போவது.

ஹர்லி கதை வேறு. அவருடைய யூகான் (கனெக்டிகட்) ஃப்ளோரிடாவிடம் 77-75 தோற்றது. 2023, 2024 என்று இரண்டு வருடம் தொடர்ந்து கோப்பை, தேசியத் தொடரில் வரிசையாக 13 வெற்றி, எல்லாம் அங்கே முடிந்தது. நீங்கள் பார்த்தது வெளியே போகும் வழியில், அடுத்து ஆட இருந்த பேலர் பையன்களிடம் நடுவர்களைப் பற்றி அவர் கெட்ட வார்த்தையில் கத்திய வீடியோ. அதே ஆள் கொஞ்ச நேரம் கழித்து மைக் முன்னால் கண் கலங்கி, முடிந்துதான் ஆகவேண்டுமென்றால் கௌரவமாகத் தோற்று முடியவேண்டும் என்று நினைத்தேன் என்கிற மாதிரி பேசினார். இதில் எது நிஜ ஹர்லி? எனக்கு இரண்டும் நிஜமாகத்தான் பட்டது.

25 மார்ச்

"கொஞ்ச நேரம் கழித்து" என்று எழுதியதை ஒருவர் பிடித்துக்கொண்டார். அது தற்செயல் இல்லை ஐயா, விதி. தேசியத் தொடரில் ஆட்டம் முடிந்ததும் 10 நிமிட இடைவெளி கொடுப்பார்கள், சூடு தணிய. பெரும்பாலும் தோற்ற அணிதான் முதலில் மேடைக்கு வரவேண்டும். நீல நிறத் திரை, மேஜையில் பெயர்ப் பலகை, தண்ணீர் பாட்டில். கோச்சுக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று பையன்கள், ஜெர்சியைக்கூட மாற்றாமல், சிவந்த கண்ணோடு. முதலில் கோச் ஒரு முன்னுரை சொல்வார். பிறகு கேள்விகள் பையன்களுக்கு. அவர்களை அனுப்பிவிட்டு மீதிக் கேள்விகள் கோச்சுக்கு. அங்கே பேசுவதெல்லாம் வரிக்கு வரி தட்டச்சாகி வெளிவந்துவிடும்.

நான் வீடியோத் துண்டுகளை நம்புவதில்லை, அந்தப் பிரதியைத்தான் தேடிப் படிப்பேன். பையன்கள் பக்கத்தில் இருக்கும்போது கோச் பேசுவதையும், அவர்கள் எழுந்து போன பிறகு பேசுவதையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். சிலருக்கு இரண்டு பாதியும் ஒரே குரல். சிலருக்கு நாற்காலி காலியானதும் குரல் மாறிவிடும்.

25 மார்ச், பிற்பாடு

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தால் பிட்டினோவிடம் எனக்கு ஏதோ பகை இருப்பது போல் தெரிகிறது. பகை இல்லை. ஆனால் போன வருடக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2024 பிப்ரவரியில் செட்டன் ஹாலிடம் 68-62 தோற்ற பிறகு, என் வாழ்நாளிலேயே இவ்வளவு சந்தோஷமில்லாத அனுபவம் இதுதான் என்றார். பையன்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, இவன் பக்கவாட்டில் வேகம் போதாது, அவனுக்கு உடல் பலம் போதாது என்று பட்டியல் போட்டார். ஊரே திட்டியது. சில நாளில் தணிந்து பேசினார்.

அப்புறம் என்ன ஆனது? வரிசையாக 6 ஆட்டம் ஜெயித்தார்கள். என் கட்சிக்கு எதிரான சாட்சி இது, நீங்கள் எடுத்துப் போடுவதற்கு முன்னால் நானே போட்டுவிடுகிறேன்.

26 மார்ச்

"திட்டினால்தானே வேலை நடக்கிறது, அப்புறம் என்ன?" என்று எதிர்பார்த்தபடியே வந்துவிட்டது.

எங்கள் ஊர்ப் பள்ளி டீமில் நான் ஆடியிருக்கிறேன். சிமெண்ட் தரை, வலை இல்லாத வளையம், மழை பெய்தால் வழுக்கும். ஒரு மண்டலப் போட்டியில் இரண்டு புள்ளியில் தோற்றோம். மறுநாள் காலை பிரேயரில் பி.டி. வாத்தியார் மைக்கைப் பிடித்து, கடைசியில் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் விட்ட பையன் பெயரைச் சொன்னார். அவன் பெயரும் வகுப்பும் மட்டும்தான், ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. சொன்னது உண்மைதான், விட்டான். மீதிப் பேர் அந்த வாரம் வெறி பிடித்த மாதிரி பயிற்சி செய்தோம், அடுத்த போட்டியும் ஜெயித்தோம். அந்தப் பையன் அதற்குப் பிறகு கோர்ட் பக்கமே வரவில்லை. எங்களில் யாருக்கும் அவனைப் போய்க் கூப்பிடவேண்டும் என்றும் தோன்றவில்லை. அடுத்த பெயர் நம்முடையதாகிவிடக் கூடாதே என்ற கவலைதான் எல்லாருக்கும்.

ஆகவே "அடுத்த ஆட்டம் ஜெயித்தார்களா" என்பதை நான் அளவுகோலாக வைப்பதில்லை.

26 மார்ச், இரவு

சரி, நல்ல உதாரணம் கொடு என்கிறார்கள். 1982 மார்ச் 29, நியூ ஆர்லியன்ஸ். ஜார்ஜ்டவுன் - வட கரோலினா இறுதி ஆட்டம். அப்போது முதலாம் ஆண்டு மாணவர் மைக்கேல் ஜோர்டன், கடைசி நொடிகளில் பந்தைப் போட்டு 63-62 ஆக்கிவிட்டார். ஜார்ஜ்டவுன் பந்தைக் கொண்டுவருகிறது, இன்னும் நேரம் இருக்கிறது. ஃப்ரெட் பிரவுன் ஓரக்கண்ணில் தெரிந்த ஆளைத் தன் அணிக்காரர் என்று நினைத்துப் பந்தைக் கொடுக்கிறார். வாங்கியவர் எதிரணியின் ஜேம்ஸ் வொர்தி. ஆட்டம் போச்சு.

கோச் ஜான் தாம்ப்சன் ஆறடி பத்தங்குல ஆள், தோளில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு. ஆட்டம் முடிந்ததும் அவர் செய்தது பிரவுனை இழுத்து அணைத்துக்கொண்டதுதான். அத்தனை கேமராவும் அதைத்தான் எடுத்தன. பேசுவதற்கு முன்பே விளக்கம் கொடுத்தாகிவிட்டது: இந்தப் பையனைக் கேட்க வருகிறவர்கள் என்னைத் தாண்டி வரவேண்டும். 1984-இல் ஜார்ஜ்டவுன் கோப்பை வாங்கியபோது பிரவுன் அதே அணியில் இருந்தார். தாம்ப்சன் அன்றும் அவரை அணைத்துக்கொண்டார், அந்தப் படமும் இருக்கிறது.

27 மார்ச்

"அது அந்தக் காலம், அப்போது பையன்களுக்குச் சம்பளம் கிடையாது" என்ற பதில் நியாயமானது. இப்போது விளம்பரப் பணம் வருகிறது. காலேஜ் மாற விரும்புகிறவர்களுக்கான போர்ட்டலில் பெயர் போட்டால் அடுத்த வருடம் வேறு காலேஜ், முன்பு போல ஒரு வருடம் சும்மா உட்காரவும் வேண்டாம். லட்சக்கணக்கில் டாலர் வாங்கும் 21 வயது ஆளை விமர்சிக்கக் கூடாதா?

விமர்சிக்கலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதே போர்ட்டல்தான் கோச்சின் வாயைக் கட்டிப்போடவும் செய்கிறது. மேடையில் அவர் சொல்வதை நிருபர்கள் மட்டுமா கேட்கிறார்கள்? அடுத்த வருடம் எங்கே போகலாம் என்று யோசிக்கும் பையனும் அவன் அம்மாவும் ஏஜென்ட்டும் கேட்கிறார்கள், காசு கொடுக்கும் பழைய மாணவர்கள் கேட்கிறார்கள். "தப்பு என்னுடையது" பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கேள்வி கேட்டவர் நாடகம் என்றாரே, அதில் பாதி இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

29 மார்ச், சனி

நேற்று ஒரே நாளில் இரண்டு சாவு. அமெரிக்க நேரப்படி காலையில் சேப்பாக்கத்தில் ஆர்.சி.பி. நம்மை 50 ரன்னில் அடித்தது (2008-க்குப் பிறகு அந்த மைதானத்தில் முதல் தடவை, ஞாபகப்படுத்தியவர்களுக்கு நன்றி வேறு). ராத்திரி இண்டியானாபொலிஸில் ஹூஸ்டன் பர்டூவை 62-60. கடிகாரத்தில் 0.9 நொடி மிச்சம். எல்லைக்கோட்டிலிருந்து பந்தை உள்ளே போட்ட ஹூஸ்டனின் யூசானே திரும்பி வாங்கி, வளையத்துக்கு அடியில் தடுக்க ஒரு ஆளில்லாமல் போட்டுவிட்டுப் போனார்.

நான் பர்டூவில் படித்தவன் என்பதை இதுவரை சொல்லவில்லை, சொன்னால் எல்லாவற்றையும் அந்தக் கண்ணாடி போட்டுப் படிப்பீர்கள் என்று. இப்போது படித்துக்கொள்ளுங்கள்.

பர்டூக்காரனுக்குத் தோல்வி விளக்கம் கேட்பது பழக்கமாகிப்போன விஷயம். 2021-இல் 13ஆம் சீட் வட டெக்சாஸ் (சீட் என்பது தொடரில் கொடுக்கும் தரவரிசை, 1 பலமான அணி, 16 கடைசி). 2022-இல் 15ஆம் சீட் செயின்ட் பீட்டர்ஸ். 2023 மார்ச் 17 கொலம்பஸில் 16ஆம் சீட் ஃபேர்லி டிக்கின்சன், 63-58. அந்த அணி அந்த வருடம் முதல் பிரிவிலேயே ஆக உயரம் குறைந்த அணி. அவர்கள் தங்கள் கான்ஃபரன்ஸ் (லீக்) கோப்பையைக்கூட ஜெயிக்கவில்லை. ஜெயித்த மெரிமாக்குக்குத் தகுதி இல்லாததால் இவர்களுக்கு இடம் வந்தது. எங்களிடம் ஏழடி நாலங்குல ஸாக் ஈடி. இதில் இன்னொரு விஷயம், அவர்கள் கோச் டோபின் ஆண்டர்சன் இரண்டு நாள் முன்னால் கேமரா ஓடும்போதே தன் பையன்களிடம், பர்டூவைப் பார்க்கப் பார்க்க ஜெயிக்கலாம் என்றுதான் தோன்றுகிறது என்று சொல்லியிருந்தார். நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்தோம். ஒருவர் பிரியாணி கொண்டுவந்திருந்தார், இரண்டாம் பாதியில் யாரும் தொடவில்லை.

அன்று எங்கள் கோச் மேட் பெயின்டர் மேடையில் சொன்னதில் எனக்குப் பிடித்தது, கேலி வரும், வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்ற தொனி. இது எதிர்பாராத விபத்து என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, மூன்று வருடம் வரிசையாக நடந்தால் அதற்கு விபத்து என்றா பெயர்? ஈடி திரும்பி வந்தார். மற்ற முக்கியமான பையன்களும் வந்தார்கள். 2024-இல் இறுதி ஆட்டம் வரை போய் யூகானிடம் 75-60 தோற்றார்கள்.

நான் பார்க்கும் அளவுகோல் இதுதான்: அடிபட்ட பையன்கள் அதே கோச்சிடம் திரும்பி வருகிறார்களா?

29 மார்ச், மதியம்

"வர்ஜீனியா?" என்று ஒரே வார்த்தையில் கேட்டவருக்கு: ஆமாம், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2018 மார்ச் 16, முதல் சீட் வர்ஜீனியா 16ஆம் சீட் யு.எம்.பி.சி.யிடம் 74-54 தோற்றது. ஆண்கள் தொடரில் அதுவரை 16ஆம் சீட் முதல் சீட்டோடு 135 தடவை மோதி 135 தடவையும் தோற்றிருந்தது. இடைவேளையில் 21-21, அப்புறம் 20 புள்ளி வித்தியாசம். டீஆண்ட்ரே ஹண்டர் கை முறிந்து ஆடவில்லை, சாக்கு கைவசம் தயாராக இருந்தது. வர்ஜீனியா கோச் டோனி பென்னட் அதை நீட்டவில்லை. எல்லா வகையிலும் எங்களைவிட நன்றாக ஆடினார்கள், களத்தில் இறங்கினால் இப்படியும் நடக்கும் என்றார். அடுத்த வருடம் அதே ஹண்டர், அதே கைல் கய், அதே டை ஜெரோம், கோப்பை.

31 மார்ச்

சி.எஸ்.கே. நேற்றும் போச்சு. தோனி ஏன் முன்னால் இறங்கவில்லை என்றதற்கு ஃப்ளெமிங், அவர் முழங்கால் பழையபடி இல்லை, 10 ஓவர் ஓடி ஆட முடியாது என்று நேராகச் சொல்லிவிட்டார். ஊரில் அதற்கும் சண்டை. எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. பிட்டினோவிடம் கேட்டதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான்: இவரை ஏன் அப்போது ஆடவிடவில்லை? ஒருவர் காரணம் சொன்னார், மற்றவர் கேட்டவரை முறைத்தார்.

கிரிக்கெட் பேச வேறு இழை இருக்கிறது என்று மட்டுறுத்துநர் மிரட்டுவதற்குள் திரும்பிவிடுகிறேன்.

1 ஏப்ரல்

கோபக்காரர்கள் பட்டியல் கேட்டவருக்கு, சுருக்கமாக.

இண்டியானா கோச் பாப் நைட் 1985-இல் நாற்காலி எறிந்ததை எல்லாரும் பார்த்திருப்பீர்கள் (எதிரணி பர்டூ, வணக்கம்). 1995-இல் தோற்ற பிறகு பிரஸ் மீட்டை நடத்திய தன்னார்வலரைக் கடித்துக் குதறியதற்கு இண்டியானாவுக்கு 30,000 டாலர் அபராதம். டெம்பிள் கோச் ஜான் செய்னி 1994-இல் ஒரு புள்ளியில் தோற்றுவிட்டு, ஜெயித்த மாசசூசெட்ஸ் கோச் ஜான் கலிபாரியின் பிரஸ் மீட்டுக்குள் புகுந்து "கொன்றுவிடுவேன்" என்று பாய்ந்தார், ஆட்கள் பிடித்து நிறுத்தினார்கள். இரண்டு பேரும் பின்னாளில் நண்பர்கள் ஆனார்கள் என்பது தனிக் கதை. பேலர் பெண்கள் அணியின் கோச் கிம் மல்கி 2013-இல் லூயிவில்லிடம் 82-81 தோற்றதும், இந்த மூன்று நடுவர்களும் அடுத்த சுற்றுக்குப் போனால் ஆட்டத்துக்கே கேடு என்றார். அடுத்த வருடத் தொடரில் முதல் ஆட்டத்துக்குத் தடை.

இவர்களெல்லாம் "நிஜமாக" இருந்தவர்கள். அந்தத் தோல்வி எப்படி வந்தது என்பது இவர்கள் பேச்சிலிருந்து தெரிகிறதா?

2 ஏப்ரல்

செயின்ட் ஜான்ஸின் லூயிஸ் டிராஃப்டுக்கும் (தொழில்முறை என்.பி.ஏ. அணிகள் ஆள் எடுக்கும் தேர்வு) போர்ட்டலுக்கும் பெயர் கொடுத்துவிட்டார். "பார்த்தீர்களா" என்று சொல்ல ஆசைதான், ஆனால் சீசன் முடிந்த கையோடு இந்த வருடம் போர்ட்டலுக்குப் போகாதவர்களைத்தான் எண்ணவேண்டும்.

3 ஏப்ரல்

டியூக்கின் முன்னாள் கோச் ஷஷெவ்ஸ்கியை நான் தவிர்க்கிறேனாம். தவிர்க்கவில்லை, பெயர் எழுதச் சோம்பல். இனி "கோச் கே".

2021 ஜனவரியில் லூயிவில்லிடம் தோற்ற பிறகு மாணவப் பத்திரிகையாளர் ஒருவர், அடுத்த கட்டம் என்ன என்று சாதாரணமாகக் கேட்டார். கோச் கே பதிலுக்கு, உனக்கு ரொம்பக் கஷ்டமான பாடம் எது, அந்தப் பரீட்சையில் அடி வாங்கிவிட்டு வெளியே வந்ததும் அடுத்த கட்டம் என்னவென்று கேட்டால் எப்படி இருக்கும் என்று திருப்பினார். பிறகு போன் செய்து மன்னிப்புக் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை, ஆனால் கேட்ட இடமும் ஆளும் தப்பு.

2022 மார்ச் 5 இன்னும் சுவாரசியம். அவருடைய கடைசி சொந்த மைதான ஆட்டம், பழைய மாணவர்கள் வரிசையாக நிற்கிறார்கள், பிரியாவிடை விழா தயார், ஜென்மப் பகையாளி வட கரோலினாவிடம் 94-81 தோல்வி. மைக்கை வாங்கி மன்னிப்புக் கேட்டார். கூட்டம் பரவாயில்லை என்கிற மாதிரி கத்த, அவர் அதை ஏற்கவில்லை. இன்று ஆடியது ஏற்கக்கூடியது இல்லை, சீசன் ஏற்கக்கூடியது என்று பிரித்துச் சொன்னார். பையன்கள் அங்கேயே நிற்கிறார்கள். கொஞ்சம் கொடுமைதான். ஆனாலும் எவன் பெயரும் வரவில்லை.

6 ஏப்ரல்

ஹூஸ்டன் நேற்று 14 புள்ளி பின்னால் இருந்து வந்து டியூக்கை 70-67 அடித்துவிட்டது. எங்களைத் தோற்கடித்தவன் கோப்பை வாங்கினால் மானம் கொஞ்சம் மிஞ்சும். ஹூஸ்டன் கட்சி நான்.

8 ஏப்ரல்

அதுவும் போச்சு. ஃப்ளோரிடா 65-63. 12 புள்ளி முன்னால் இருந்து விட்டார்கள். கடைசிப் பந்தில் இமானுவேல் ஷார்ப் மூன்று புள்ளிக்கு எழும்பினார். வால்டர் கிளேட்டன் எங்கிருந்தோ பாய்ந்து வந்துவிட்டார். வீசினால் தடுத்துவிடுவார், பிடித்துக்கொண்டு இறங்கினால் டிராவல் (பந்தோடு நகர்ந்த தப்பு, பந்து எதிரணிக்கு). ஷார்ப் பந்தைக் கீழே விட்டார். அவரே அதைத் தொடவும் முடியாது. பந்து கண் முன்னால் துள்ளுகிறது, நொடி ஓடுகிறது, ஃப்ளோரிடா ஆள் விழுந்து அமுக்கினார். முடிந்தது. ஷார்ப் அங்கேயே குனிந்து உட்கார்ந்துவிட்டார்.

ஹூஸ்டன் கோச் கெல்வின் சாம்ப்சனுக்கு அப்போது 69 வயது, ஒருமுறையும் கோப்பை வாங்காதவர். மேடையில் அவர் சொன்னது: அந்தக் கட்டத்தில் ஒரு வீச்சுகூட எடுக்க முடியாமல் போனது புரிந்துகொள்ளவே முடியாத விஷயம். அதோடு நிறுத்தவில்லை. கிளேட்டன் அருமையாகத் தடுத்தார், அதற்காகத்தான் வீசுவது போல் போக்குக் காட்டிவிட்டு உள்ளே போகவேண்டும், இரண்டு புள்ளி போதுமே என்று ஆட்டத்தை விளக்கினார்.

என்னுடைய கட்சிக்கு இங்கே ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. ஷார்ப் செய்யவேண்டியது என்ன என்பதை உலகத்துக்கே சொல்லிவிட்டார், எங்கள் பி.டி. வாத்தியாரைப் போலத்தான். ஆனால் எனக்கு அது உறுத்தவில்லை. சாம்ப்சன் சொன்னது ஒரு ஆட்டத்தைப் பற்றி: இந்த நிலைமையில் இதைச் செய்திருக்கவேண்டும், எதிராளி நன்றாகச் செய்தான். அதை நாளைக்குப் பயிற்சியில் திருத்தலாம். பக்கவாட்டில் வேகம் போதாது என்று பிட்டினோ சொன்னதைப் பையன் எங்கே போய்த் திருத்துவான்? ஃப்ரீ த்ரோ விட்டவன் பெயரை மட்டும் சொன்னால் அவனுக்கு அதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? பெயர் வந்ததா என்பதைவிட, கேட்ட பையனுக்கு அடுத்த நாள் செய்ய ஒரு வேலை கிடைத்ததா என்று பார்ப்பதுதான் சரி என்று இப்போது தோன்றுகிறது.

இந்தக் கணக்கில் பார்த்தால் வெறும் "தப்பு என்னுடையது" என்பதும் தேறாது. என்ன தப்பு? டைம் அவுட் எடுக்காததா, தவறான ஐந்து பேரை ஆடவிட்டதா? அதைச் சொன்னால்தான் அது பொறுப்பு.

12 ஏப்ரல்

பெண்கள் ஆட்டத்தைப் பற்றி மல்கி தவிர ஒரு வரி இல்லை என்று குட்டு வைத்திருக்கிறார்கள். சரி.

ஜீனோ ஆரியெம்மா, 2017 மார்ச் 31. யூகான் பெண்கள் 111 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்துவிட்டு மிசிசிப்பி ஸ்டேட்டிடம் ஓவர்டைமின் கடைசி வீச்சில் 66-64. போட்டவர் மார்கன் வில்லியம், ஐந்தடி ஐந்தங்குலம். பந்து உள்ளே விழுந்ததும் கேமரா ஆரியெம்மாவைக் காட்டுகிறது. மனுஷன் சிரிக்கிறார்! 11 கோப்பை வாங்கியவருக்கு அது முடியும், முதல் கோப்பைக்குத் தவிக்கிறவருக்கு முடியுமா என்பது சந்தேகம்.

டான் ஸ்டேலி, 2023. தென் கரோலினா 36-0 என்று வந்து அயோவாவிடம் 77-73. பிரஸ் மீட்டில் அவர் ஆட்டத்தைவிட அதிகம் அழுத்திச் சொன்னது தன் பெண்களைப் பற்றி வெளியே பேசப்படும் விதத்தை: நாங்கள் தெருச் சண்டைக்காரர்கள் இல்லை, ரவுடிகள் இல்லை, குரங்குகள் இல்லை. தோற்றுவிட்டு நியாயம் பேசுகிறார் என்று சிலர் சொன்னார்கள். ஜெயித்த அன்றைக்குச் சொல்லியிருந்தால் யார் காதில் விழுந்திருக்கும்? அடுத்த வருடம் ஐந்து பேரும் புதிய தொடக்க வீராங்கனைகள், 38-0, இறுதியில் அதே அயோவாவை 87-75. முதல் வருட அணியில் பலர் படிப்பு முடிந்து போய்விட்டதால் என்னுடைய "திரும்பி வந்தார்களா" கணக்கு இங்கே செல்லாது. செல்லாவிட்டால் போகட்டும்.

13 ஏப்ரல்

சம்பளக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்று நினைவூட்டல். குறையாது. கலிபாரியின் கென்டக்கி 2024-இல் 14ஆம் சீட் ஓக்லண்டிடம் 80-76 தோற்றது (ஜாக் கோல்கி என்கிற ஒரே ஆள் பத்து மூன்று-புள்ளி). ரசிகர்கள் துரத்தத் தயார், ஆனால் துரத்தினால் 33 மில்லியன் டாலருக்கு மேல் கொடுக்கவேண்டும் என்று ஒப்பந்தம். அடுத்த மாதமே அவராகவே ஆர்கன்சாவுக்குக் கிளம்பிவிட்டார். இந்த இழையை ஆரம்பித்துவைத்த ஆட்டத்தில் பிட்டினோவை வீழ்த்தியதும் அவர்தான்.

28 ஜூன்

டிராஃப்ட் முடிந்தது, இரண்டு சுற்றிலும் லூயிஸ் பெயர் வரவில்லை. "பிட்டினோதான் கெடுத்தார்" என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். நான் அந்தப் பக்கம் வரமாட்டேன். அணிகள் அவர் ஆடிய சீசன் முழுவதையும் பார்த்திருக்கின்றன, ஒரு பிரஸ் மீட்டை வைத்து முடிவு எடுக்கிறவர்கள் இல்லை. செயின்ட் ஜான்ஸும் போர்ட்டலில் நல்ல ஆட்களாகப் பார்த்து அள்ளியிருக்கிறது, அந்தப் பேச்சைக் கேட்டும் வந்தவர்கள்தான் அவர்கள். நவம்பரில் சீசன் தொடங்கட்டும், முதல் தோல்விப் பிரதியை இங்கேயே ஒட்டுகிறேன். பர்டூவின் தோல்வியாக இருந்தால் வேறு யாராவது ஒட்டுங்கள்.